முதலாளி ஒத்துக்கல

— ஏங்க, இது நம்ம வண்டிதானா? இல்ல, ஓட்டிப் பார்க்கக் கொடுத்து விட்டாங்களா?

— நம்ம வண்டிதான். ஏறி உட்காரும்மா. ஒரு பட்டனைத் தட்டினா சீட்டு சூடாகும்.

— அடிக்கிற வெயில் போதாதா? காலையில என்ன சொல்லிட்டுப் போனீங்க? வெள்ளை வண்டி, முன்னால ரெண்டே சீட்டு, பின்னால சரக்கு ஏத்த நீளமான பாடி, மதியச் சோத்துக்குள்ள வந்துடுவேன்னு. இப்ப மணி அஞ்சரை. சோறு ஆறிப் போச்சு. வண்டி சிவப்பா நிக்குது.

— சிவப்புன்னு சொல்லாத. 'மாதுளை முத்து.' பில்லுலயே அப்படித்தான் போட்டிருக்கு. அந்தப் பேருக்குத் தனியா காசு வாங்கியிருக்கான்.

— சரி, அப்புறம்? நாலு கதவு எதுக்கு?

— குடும்பத்தோட போறதுக்கு.

— குடும்பம்னா நீங்களும் நானும். மகளைக் கட்டிக் கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு. பின் சீட்டுல யாரை உட்கார வைக்கிறது, தலையணையையா?

— அந்த டைக்காரன் ஒரு கேள்வி கேட்டான் பாரு. 'அண்ணே, கடை கடைன்னு ஓடறீங்களே, அக்காவை ஒரு நாளாவது வெளியில கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்களா?'ன்னு. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. உடனே நாலு கதவு வண்டிக்குத் தலையாட்டிட்டேன்.

— நான் முன் சீட்டுலயே உட்காரலாமே?

— அது... அப்பத் தோணலை.

— டைக்காரன் யாரு?

— ஷோரூம்ல வண்டி விக்கிறவன். முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்துல டை, வாய் நிறைய அண்ணே. எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருந்துச்சு.

— ஏமாத்திட்டானா?

— என்னையா? இருபத்திரண்டு வருஷமா மெத்தை விக்கிறவன் நான். என்கிட்ட விலை பேசி ஜெயிச்ச ஆளு இந்தத் தெருவுல உண்டா? கல்லுல நார் உரிக்கிறவன்கிட்டயே தலையணை சேர்த்து வித்தவன் நான்.

— அதான் கேக்கறேன். ஏமாத்திட்டானா?

— ஏமாத்திட்டான்.

— முதல்லேருந்து சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது. சரி, சிரிச்சுக்கோ. நானே வர்ற வழியில சிக்னல்ல நின்னு தனியா சிரிச்சேன். பக்கத்து பஸ்சுல ஜன்னலோரம் இருந்த அம்மா கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க.

— சொல்லுங்க.

— போனதும் டீ கொடுத்தான். டீயை வாங்கணும்னா கையில இருக்கிற சாவியை எங்கேயாவது வைக்கணும்ல? 'பழைய வண்டிச் சாவியை இப்படிக் கொடுங்கண்ணே, என்ன மதிப்பு வரும்னு பார்த்துடுவோம்'னான். கொடுத்தேன். அதோட சரி, நம்ம பழைய வண்டியை நான் அப்புறம் கண்ணால பார்க்கலை.

— சாவியைத் திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?

— கேட்டேன். 'மதிப்பு பார்த்துக்கிட்டு இருக்காங்கண்ணே'ன்னான். மூணு மணி நேரம் பார்த்தாங்க. நம்ம வண்டியில மூணு மணி நேரம் பார்க்க என்ன இருக்கு? ஒரு பக்கக் கண்ணாடிகூடக் கிடையாது.

— சரி, அப்புறம்?

— வண்டி என்ன விலைன்னு கேட்டேன். மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு கேட்டான். நான் விலை விலைங்கறேன், அவன் மாசம் மாசம்ங்கறான். கடைசியில மாசத்தை நல்லாக் குறைச்சுட்டேன் தெரியுமா?

— எவ்வளவு?

— மாசம் கம்மிதான். மாசங்கள்தான் ஜாஸ்தி.

— ஐயோ கடவுளே. விலை படியலைன்னா எழுந்து நடக்கணும்னு நீங்கதானே எனக்கே பாடம் எடுப்பீங்க? காய்கறிக் கடையிலகூட நடக்க வைப்பீங்களே.

— நடந்தேனே! விறுவிறுன்னு நடந்தேன். பின்னாலேருந்து கூப்பிடுவான்னு காதைத் தீட்டிக்கிட்டு நடந்தேன். வாசல் கேட் வரைக்கும் போயிட்டேன். ஒருத்தனும் கூப்பிடலை. வெளியில வந்து பார்த்தா, சாவி உள்ள, வண்டி எங்கன்னே தெரியாது, உச்சி வெயில். அப்புறம் திரும்ப உள்ள போனேன்.

— என்ன சொல்லிக்கிட்டு?

— குடையை மறந்துட்டேன்னு.

— நீங்க குடையே கொண்டு போகலையே!

— அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் மேஜைக்கு அடியில குனிஞ்சு தேடினான் பாரு, அங்கதான் அவன் நிக்கிறான். நானும் கூடக் குனிஞ்சு தேடினேன்.

— சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேங்க. முடியலை.

— சிரி. அப்புறம் விலையைக் குறைக்கச் சொல்லி நான் விடாம நின்னேன். அவனும் 'உங்களுக்காக மேனேஜரைக் கேட்டுட்டு வரேண்ணே'ன்னு உள்ள போனான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, 'மேனேஜர் ஒத்துக்கல அண்ணே. உங்களுக்காகச் சண்டையே போட்டுட்டேன்'னான். எனக்குப் பாவமாப் போச்சு. என்னால அவன் வேலை போயிடக் கூடாதேன்னு நான்தான் அவனைத் தட்டிக் கொடுத்தேன்.

— மேனேஜரைக் கண்ணால பார்த்தீங்களா?

— இல்லை.

— குரலாவது கேட்டுச்சா?

— இல்லை.

— ஏங்க, நம்ம கடையில ஆளு வந்து விலையைக் குறைக்கச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

— அது இப்ப எதுக்கு?

— சொல்லுங்க.

— 'முதலாளியைக் கேட்டுட்டு வரேன்'னு திரைக்குப் பின்னால வருவேன்.

— வந்து?

— ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன்.

— குடிச்சுட்டு?

— வெளியில போய், 'முதலாளி ஒத்துக்கல'ன்னு சொல்வேன்.

— முதலாளி யாரு?

— நான்தான்.

— நான் அந்தத் திரைக்குப் பின்னாலதான் உட்கார்ந்து உறை தைக்கிறேன். எத்தனை பேரு கடைக்கு வந்தாங்கன்னு நீங்க குடிச்ச டம்ளரை எண்ணித்தான் தெரிஞ்சுக்கறேன். உங்க வித்தையை உங்ககிட்டயே ஒருத்தன் காட்டியிருக்கான், தெரியலையா?

— மூணாவது தடவை தெரிஞ்சுச்சு. ஆனா எப்படிம்மா வாயைத் திறக்கிறது? 'தம்பி, உள்ள மேனேஜரே கிடையாது'ன்னு சொன்னா, 'உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?'னு கேப்பானே. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

— அந்த நேரத்துல எழுந்திருச்சு நம்ம கடை நிலைக்கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு வந்திருக்கணும் நீங்க.

— அதைத்தான் திரைக்கு நேர் எதிர்ல சாத்தி வச்சிருக்கேனே. அதுல திரையும், திரை இடுக்குல நம்ம தண்ணிப் பானையும்தான் தெரியும்.

— சரி, பேச்சை விடுங்க. அந்த அளக்கிற டேப்பை எடுங்க. பின்னால பாடியை அளக்கணும்.

— இப்ப எதுக்கும்மா? இருட்டப் போகுது.

— இருட்ட இன்னும் நேரம் இருக்கு. பிடிங்க அந்த முனையை. அந்த முனையைங்க. நல்லா ஒட்டிப் பிடிங்க. எவ்வளவு வருது?

— கொஞ்சம்...

— எவ்வளவு?

— அஞ்சே முக்கால் அடி.

— விடுதிக்குப் போற மெத்தை?

— ஆறேகால்.

— மடிக்க முடியுமா?

— ஸ்பிரிங் மெத்தை. மடிச்சா நம்மளைத்தான் எகிறி அடிக்கும்.

— நிக்க வச்சா?

— மேல இந்த மூடி இருக்கே. தட்டிப் பாரு, கல்லு மாதிரி. இது மட்டும் இலவசமாக் கொடுத்தான்.

— கழட்டுங்க.

— கழட்டினா வண்டிக்கு காரண்டி போயிடுமாம்.

— பின்கதவைத் திறந்து விட்டுட்டு ஓட்டினா?

— திறந்திருந்தா வண்டி கத்தும்மா. நிறுத்தாமக் கத்தும். அதுக்கும் தனியா காசு கொடுத்திருக்கேன். திட்டணும்னா திட்டிடும்மா.

— நாற்பது உறைங்க. மூணு வாரமா தைச்சேன். இந்த விரலைப் பாருங்க, ஊசி குத்தாத இடம் இருக்கா? திங்கக்கிழமை காலையில மெத்தை வரலைன்னா வேற கடையில வாங்கிக்குவேன்னு விடுதி வார்டனம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. இந்த ஒரு விடுதியைப் பிடிச்சா, அவங்களோட மத்த மூணு விடுதியும் நமக்குத்தான்னு நீங்கதானே ஆசை காட்டினீங்க? வாடகை வண்டி வச்சு ஒரு தடவை கொடுத்துடலாம். அதுக்கு மேல?

— எனக்கு வெட்கமா இருக்கும்மா. நிஜமாவே வெட்கமா இருக்கு. 'கட்டிலை அளந்துட்டு வாங்க'ன்னு கடை வாசல்ல போர்டு எழுதி மாட்டினவன் நான். ஒரு வண்டியை அளக்காம வாங்கிட்டு வந்திருக்கேன்.

— மெத்தை ஏத்தப் போறேன்னு அவன்கிட்ட சொல்லலையா?

— சொன்னேனே. ஆறேகால் அடி உள்ள போகுமான்னுகூடக் கேட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே, 'ஒரு மாசம் ஓட்டுங்கண்ணே, பழகிடும்'னான்.

— என்ன சொன்னான்?

— ஒரு மாசம் ஓட்டுங்க, பழகிடும்னு.

— இதை நான் எங்கேயோ கேட்டிருக்கேங்க.

— என்கிட்டதான் கேட்டிருப்ப. மெத்தை சரியில்லைன்னு யாராவது வந்தா நான் சொல்றதுதான். 'ஒரு மாசம் படுங்க, படிஞ்சிடும்.'

— அவன் நம்பர் இருக்கா?

— அட்டை கொடுத்தான். இந்தா. எதுக்கு?

— பேசறதுக்கு. ஒன்பது, எட்டு... அட, என் போன்ல இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கே.

— ஷோரூம் நம்பர் உன்கிட்ட எப்படி?

— ஷோரூம்னு இல்லைங்க. 'கட்டில் அஞ்சே முக்கால்'னு இருக்கு. கடைக்கு வர்றவங்க பேரு எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? கட்டில் அளவைப் போட்டுத்தான் வச்சுக்குவேன்.

— அஞ்சே முக்கால்...

— ஞாபகம் வருதா? அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன், மெத்தை கட்டிலுக்கு வெளியில ஆறங்குலம் தொங்குது, அவங்க கால்மாட்டுல உட்கார்ந்தா சரியுதுன்னு போன் மேல போன் பண்ணினாரே. மாத்திக் கொடுங்கன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— நீங்க என்ன பண்ணீங்க?

— நாலு தடவை நேர்லயே வந்தார்ம்மா. ஹெல்மெட்டைக் கழட்டாமலே நின்னு பேசுவார், அதான் மூஞ்சி பிடிபடலை. கடைசித் தடவை ரொம்பக் கெஞ்சினார். 'முதலாளியைக் கேட்டுட்டு வரேன்'னு உள்ள வந்தேன்.

— அன்னைக்கு நான் உள்ளதானே இருந்தேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— தண்ணி குடிச்சேன்.

— ஒரு மெத்தையை வெட்டித் தைக்க எனக்கு அரை நாள் ஆகுமா? நான் தைக்க மாட்டேன்னு சொன்னேனா?

— உனக்கு வேலை வைக்க வேண்டாமேன்னு... இல்ல, பொய். வித்தது வித்ததுதான்னு ஒரு திமிர். அவ்வளவுதான்.

— ஸ்பீக்கர்ல போடறேன்.

— வேண்டாம்மா, மானம் போகும்.

— அதைத்தான் பழைய வண்டியோட சேர்த்துக் கொடுத்துட்டு வந்துட்டீங்களே. உஷ், எடுத்துட்டார்.

— வணக்கம்க்கா! மெத்தைக் கடை அக்காதானே? வண்டி பிடிச்சிருக்காக்கா?

— வண்டியைப் பத்திப் பேசக் கூப்பிடலை தம்பி. அம்மா எப்படி இருக்காங்க?

— இருக்காங்கக்கா. இப்ப தரையிலதான் படுக்கறாங்க. எழுந்திருக்கும்போதுதான் கஷ்டம்.

— தப்பு எங்களோடது. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து கட்டிலை நானே அளக்கறேன். சாயங்காலத்துக்குள்ள மெத்தையைச் சரி பண்ணி, நானே கொண்டு வந்து போடறேன். பைசா வேண்டாம். நீங்க வண்டியை மாத்திக் கொடுத்தாலும் சரி, கொடுக்கலைன்னாலும் சரி.

— முதலாளி ஒத்துக்கிட்டாராக்கா?

— இன்னையிலேருந்து முதலாளி நான்தான்.

— இரும்மா. தம்பி, அண்ணன் பேசறேன்.

— சொல்லுங்கண்ணே. குடை கிடைச்சுதா?

— கிடைக்கலைப்பா. உங்க அம்மாவைத் தரையில படுக்க வச்சுட்டேன். என்னை மன்னிச்சுக்கோ. அதை முதல்ல சொல்லிடறேன். அப்புறம்... கேக்கறதுக்கு நாக்கு கூசுது. அந்த வெள்ளை வண்டி இன்னும் நிக்குதா?

— நிக்குதுண்ணே. நீளப் பாடி. ஏழடி. நீங்க எடுத்துட்டுப் போன வண்டிக்கு இன்னும் பதிவு நம்பர்கூட வரலை.

— அப்ப மாத்தலாமா?

— நான் மாத்திடுவேண்ணே. ஆனா மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரே.

— கேட்டுப் பாருப்பா. எனக்காக ஒரு தடவை.

— கேக்கறேண்ணே. ஆமா, உங்க கடையில திரைக்கு எதிர்ல ஒரு நிலைக்கண்ணாடி சாத்தி வச்சிருக்கீங்களே, அது விலைக்கா?

— இல்லப்பா. ஏன் கேக்கற?

— சும்மாதாண்ணே. ஹெல்மெட்டுக்குள்ளேருந்து பார்த்தாக்கூட திரைக்குப் பின்னால நடக்கறது எல்லாம் அதுல பளிச்சுனு தெரியுது. சரி, லைன்லயே இருங்க. உங்களுக்காக உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.