பதில் சத்தம்

குமுளியிலிருந்து கம்பம் இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஏலக்காட்டு வேலை முடிந்து, ஜீப்பில் குமுளி வந்து பேருந்து ஏறிய இரண்டு பெண்கள். செல்போனில் பார்த்த கொரியக் கொலைப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

“காணாமப் போன பிள்ளைய ரெண்டு நாளா ஒருத்தரும் தேடலையாம். நம்புற மாதிரியா இருக்கு மதினி? நம்ம காட்டுல சாயங்காலம் நமக்குள்ள வச்சிருக்குற சத்தத்தக் குடுத்து, பதில் சத்தம் வரலைன்னா ஜீப்ப எடுக்க விடுவோமா?”

“நம்மகூட வேலை பாத்த பாண்டியம்மாளுக்கும்தான் அன்னைக்குச் சத்தம் குடுத்தோம். பதில் வந்துச்சு. பின்னால வர்ற ஜீப்புல ஏறிக்கிருவாள்னு கிளம்பிட்டோம்.”

“காலையில கழுத்து நெரிபட்டுல்ல கெடந்தா.”

“முந்தின நாள் மத்தியானமே உசுரு போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாராம்.”



“அப்ப நமக்குப் பதில் சத்தம் குடுத்தது யாரு மதினி? நம்ம ஜீப்புல வர்ற ஆளுகளுக்குத்தான அந்தச் சத்தம் தெரியும்?”