மேடு விழாத கோடு

கெட்ட மீன் நாறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சேர். வெயிலில் கிடந்த சூரை மீன் நாறாமலும் கெடும். அதில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எத்தனை தரம் கொதிக்கவைத்தாலும் போகாது. மீன்சாற்றில் ஒளிரும் சாயத்தைக் கலந்து இயந்திரத்துக்குள் செலுத்தினால்தான் அது மினுங்கும், காகிதத்துக் கோட்டில் மேடாக எழும்பும். கல்முனையில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தவள் நான்.

"றிஸ்னாட கை பிழை விடாது" என்று எங்கள் டொக்டர் காலிதீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒருநாள் சாயப் போத்தலை மூடாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டேன். வெயில் பட்டுப் பழுதாகிவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வர ஒரு மாதம் செல்லும். டொக்டரிடம் சொல்லப் பயம். வந்த மீன்களைச் சாயமில்லாமலே செலுத்தினேன். கோடு நேராக வந்தது. 'ஹிஸ்டமின் தென்படவில்லை' என்று எழுதினேன். அதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை.

புதுச் சாயம் வருமுன்பே, பெண்பிள்ளைகளின் விடுதியொன்றில் சமைக்கும் ஸஹீத் நானா ஐஸ் பெட்டியோடு வந்தார். முதல்நாள் பகல் சூரைக்கறி தின்ற பிள்ளைகளுக்கு முகமெல்லாம் சிவந்து ஒரே சொறிச்சலாம்.

"இன்னும் அரைவாசி மீன் கிடக்கு, மிஸ். மீன்லதான் பிழையெண்டா சொல்லுங்க, மண்ணுக்குள்ள தாட்டுப்போடுறன். உங்கட பேப்பரைப் பாத்துத்தான் அடுப்பு மூட்டுவன்" என்றார்.

அவர் சொல்லி முடிக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. இது ஹிஸ்டமின் செய்கிற வேலைதான். ஆனால் அந்தச் சூரை வந்த தோணியின் மீனை, விடுதிக்குப் போகுமுன்பே நல்லதென்று எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது மாற்றினால் ஏனென்று கேட்பார்கள். கேள்வி போத்தல்வரைக்கும் வரும். பழையபடியே சாயமில்லாமல் செலுத்தினேன்.

"மீன்ல ஒண்டுமில்ல, நானா. கறித்தூளப் பாருங்க" என்று பேப்பரை நீட்டினேன்.

மிச்ச மீனை அன்று பகலே ஆக்கினார்கள். அதைத் தின்ற விடுதிப் பிள்ளை ஆதிலாவுக்கு ஒன்பது வயது. மூச்சு இழுக்கும் முட்டு வருத்தக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டாள். அவளுக்கு முட்டு இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பேப்பரைத்தான் கொடுத்திருப்பேன். அவ்வளவு பயம் எனக்கு.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், சேர். ஒன்றை மட்டும் திருத்துங்கள். 'கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு, தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதுங்கள். டொக்டர் காலிதீனும் இதை வாசிப்பார்தானே. பிழை விட்டது என் கை இல்லையென்று அவருக்குத் தெரியட்டும்.