சுத்தம் பண்ண வந்தவங்க

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். இளையவள் மற்றவளை அண்ணி என்றாள். அந்த அண்ணி சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனை மடியில் வைத்தேன்.

“சுத்தம் பண்ண வந்தவங்க வேலைய நிறுத்தவே மாட்டேங்கிறாங்களாம், உங்கண்ணன் கால்ல.”

“யாரு அண்ணி?”

“வெள்ளை அணுவாம். புண்ணுன்னா ஓடி வந்து அழுக்கெல்லாம் தின்னுடுமாம். அப்புறம் அடங்கி, புதுச் சதை வளர வழி பண்ணணுமாம். சுகர் இருக்கிறதால அடங்காம நல்ல சதையையும் சேத்து அரிக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“அண்ணன் தினமும் கழுவிக் கட்டுச்சே.”

“கழுவுனதோட விட்டாப் பரவால்லயே. கம்பெனில இரும்புல பிசிறு தேய்க்கிற ஆளு. வீட்டுக்கு வந்தும் புண்ணோட ஓரத்தத் தேய்க்கும். ஓரம் சுத்தமா இருந்தாத்தான் ஆறும்னு சொல்லும். லேசா தோல் மூடி வந்தா அதையும் எடுத்துடும்.”

“வலிக்கலையா?”

“வலிச்சிருந்தா விட்டிருக்குமே.”

தக்காளி லாரி ஒன்றின் பின்னால் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது.

“விரல மட்டும் எடுத்தாப் போதுமா அண்ணி?”

“கணுக்கால் வரைக்கும் எடுக்கணுமாம். உங்கண்ணன்கிட்ட நாளைக்குத்தான் சொல்லுவாங்க.”

“அண்ணன் ஏதாவது கேட்டுச்சா?”

“திங்கக்கிழமை ஷிப்டுக்குப் போகணுமாம். ரெண்டு ஷூவையும் தொடைச்சு வைக்கச் சொல்லுச்சு.”

அண்ணி பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் இப்ப வீட்டுக்குப் போறேன்.”