மரப்பாச்சி ஜோடி

எனக்கு மந்திரமும் தெரியாது, மாயமும் தெரியாது, ஐயா. தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டில் மை செய்கிறவன் என்று சொல்லி ஏட்டையா என்னை இடுகாட்டிலிருந்து இழுத்து வந்தார். அந்தப் பேர் எனக்கு வேண்டாம். நான் புகையிலைக் குடோனில் கணக்கப்பிள்ளை, பேர் சோலைமலை. பல்லி கத்தினாலே வெளியே கிளம்பாத பயந்தாங்கொள்ளி. என் பைத்தியம் வேறு. பொம்மை.

சிரித்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் அவள் தங்கை கையிலிருந்த பொம்மையையே பார்த்து, சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்ட ஆள் நான். துரைச்சாணி சீமைக்குக் கப்பலேறும்போது ஏலம் விட்ட பீங்கான் முகப் பொம்மைக்கு மார்கழியில் துண்டு போர்த்திவிடுவேன். மதுரைப் பொருட்காட்சியில் வாங்கிய செல்லுலாயிடு பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, "அப்பு, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று கண்டக்டர் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. மீசை வைத்த நானும் சிரித்தேன்.

அலமாரியில் ஒரே குறை. தாடிக்கொம்பில் கிடைத்த பெண் மரப்பாச்சி ஒற்றையாக நின்றது. கல்யாணச் சீரில் ஜோடியாகக் கொடுக்கிற சாமான் அது. அதன் புருஷன் என் பக்கத்து வீட்டில் இருந்தான். ராமுத்தாய் கன்னிவாடியிலிருந்து கொண்டுவந்த ஆண் பொம்மை. அதே மரம், அதே உளி. அவளுடைய கைக்குழந்தை எந்நேரமும் அதன் தலையைக் கடித்துக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரியும். வாய்விட்டுக் கேட்டேன்.

"பிள்ள கடிக்கிறதப் பிடுங்கியா குடுக்கச் சொல்றீக? அவளுக்கு வேணாமுன்னு ஆகட்டும்ணே, அப்புறம் ஒங்களுக்குத்தான்" என்றாள்.

போன வாரம் குழந்தைக்கு மாந்தம். ராமுத்தாய் ஓடி வந்தாள்.

"பொட்டப்பிள்ளைக்குப் பொண் பொம்மையத்தான் ஒரசி ஊத்தணுமாம்ணே, எங்க மாமியா சொல்லுது. ஒங்க பொம்மையச் செத்த நேரம் குடுங்க."

மரப்பாச்சியைத் தாய்ப்பாலில் உரசிப் பிள்ளை வாயில் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் என் பொம்மையை வண்டு அரிக்காமலிருக்க மாதக்கணக்கில் புகையிலைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். குடோன் வாசலில் அந்தத் தண்ணீரை நக்கிய நாய் தெருவைத் தாண்டவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் துடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் குழந்தையைப் புதைத்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். என் கணக்கு தப்பியது அங்கேதான். அந்த ஆண் பொம்மையை ராமுத்தாய் வீட்டிலேயே பிள்ளையின் கையில் வைத்துத் துணியைச் சுற்றிவிட்டாளாம். "அது இல்லாமத் தூங்க மாட்டாளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டதும் எனக்கும் அழுகை பொங்கிவிட்டது. அந்த மண் பூராவும் கரையான், ஐயா.

அதனால்தான் பட்டப்பகலில் மண்வெட்டியோடு போய் மாட்டிக்கொண்டேன். நிஜமான மந்திரவாதி என்றால் அமாவாசையாவது பார்த்திருப்பான்.

என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் பொம்மையோடு படியிறங்கும்போது, 'கழுவிட்டு ஒரசு, தாயி' என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கழுவினால் மறுபடி வண்டு விழுமே என்றுதான் சொல்லவில்லை.