பெட்டகத்தின் வெள்ளிவிழா மலர்

ஆயுத பூஜைப் பொரியை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம், மறுநாள் நமுத்துவிடும். ஆம்புலன்ஸ் போனபிறகும் அதனால்தான் விநியோகத்தை நிறுத்தவில்லை. தவறாக நினைக்காதீர்கள்.

எங்கள் 'பெட்டகம்' டேட்டாபேஸ்தான் தி.நகர் நகைக்கடைகள் பலவற்றின் சரக்கு விவரத்தைச் சுமக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் நானும் ஸ்ரீவத்சனும் தொடங்கினோம். அவன் எழுதினான், நான் விற்றேன். இப்போது அடையாற்றில் சொந்தக் கட்டடம், வரவேற்பறையில் என் எண்ணெய் வண்ண ஓவியம். வெறுமனே விற்றவன் என்பதற்காக யாரும் ஓவியம் மாட்டுவதில்லை, உருவாக்கியவனாக இருக்க வேண்டும். ஆகவே வெள்ளிவிழா மலரில் நிறுவன வரலாற்றை நானே எழுதினேன். 'பெசன்ட் நகர் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டகம் என்னுள் உதித்தது' என்று தொடங்கும்.

ஸ்ரீவத்சன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏண்டா விஜி, அன்னிக்கு நீ பேல்பூரி தின்னுட்டு எங்காத்துல வயித்தப் பிடிச்சுண்டு படுத்துண்டிருந்தே. அலை எங்கேர்ந்துடா வந்தது?"

"சும்மா ஒரு அழகுக்குடா."

"இருக்கட்டும். விழா மேடைல நான் பேல்பூரியைச் சொல்லிடறேன். ஜனங்க சிரிக்கட்டும்."

அவனுக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். விழாவோ அடுத்த வாரம்.

ஆண்டுதோறும் சர்வர் அறையில் அவன்தான் கற்பூரம் காட்டுவான். அங்கே புகை பட்டால் தீயணைப்புக் கருவி தானாகவே வாயுவைப் பீய்ச்சும். இயந்திரத்துக்கு அதனால் கீறல்கூட விழாது. மனிதனுக்குத்தான் மூச்சு நிற்கும். எனவே பூஜைக்கு முன் அதை நான் அணைத்துவைப்பது வழக்கம்.

"அணைச்சுட்டியாடா?" என்று கேட்டான்.

"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தட்டினான். ஹாலில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். எதையும் அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். கருவியை அணைக்க ஸ்ரீவத்சனே மறந்துவிட்டான், அவனுடைய கவனக்குறைவு என்று முடித்திருக்கிறீர்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

பெட்டகத்தின் வரலாற்றிலேயே நானாக யோசித்து நானாகச் செய்தது இது ஒன்றுதான். இதையும் அவன் பெயரிலேயே போட்டால் எப்படி, மேடம்?