பெஷ்காவை நிமிர்த்திய கை

இருந்தவர்கள்: ‘பெஷ்கா’ என்ற செல்லப் பெயர் கொண்ட குண்டுவீச்சு விமானத்தை ஓட்டும் ரிம்மா. விமானத்தில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும் ஃபைனா. டாக்டர் தெக்லா இலீனிச்னா. 1944 கோடை, பெலாரஸில் பெண்கள் குண்டுவீச்சுப் படையின் மருத்துவ அறை. காலை.

— இன்னும் அழுத்து ரிம்மா.

— அழுத்திக்கிட்டுதானே இருக்கேன் டாக்டர்!

— பூனைக்குட்டி இதைவிட நல்லாப் பிடிக்கும். முழங்கையில குண்டுச் சில்லு ஏறியிருக்கு. இன்னிக்கு நீ பறக்க வேணாம்.

— நேத்து இதே கையாலதான் பெஷ்காவை நிமிர்த்தினேன். சத்தியமா! சொல்லேன்டி ஃபைனா.

— ஆமா டாக்டர். பாலத்துக்கு நேரா மூக்கைக் குத்தி இறங்கினோம். குண்டைப் போட்டதும் அது தானா நிமிரணும். அந்த நேரம் பாத்துப் பக்கத்துல பீரங்கிக் குண்டு வெடிச்சுது. தானா நிமிர்த்துற கம்பி அறுந்துபோச்சு. காலைல மெக்கானிக் ரெண்டு துண்டையும் காட்டினார்.

— அப்புறம்?

— ரிம்மா இழுத்தா.

— ரெண்டு எஞ்சின், ஏழு டன். இந்தக் கையா?

— சரி, படம் பிடிக்கவாவது அனுப்புங்க டாக்டர். அதே பெஷ்காதான், குண்டுக்குப் பதிலா கேமரா. குத்தி இறங்கற வேலையே இல்ல.

— தரையை விட்டுக் கிளம்பவே நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஸ்டியரிங்கை இழுக்கறீங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என்னைப் பாத்துச் சொல்லு. நேத்து எந்தக் கை?

— எந்தக் கையும் இல்ல.

— என்னது?

— வெடிச்சதும் எனக்கு நினைவு தப்பிருச்சு. கண்ணைத் தொறந்தா முன்னாடி வானம். ஃபைனாதான் என் தோளுக்கு மேல எட்டி இழுத்திருக்கா. பேரை எனக்குக் குடுத்துட்டு நிக்கிறா, பைத்தியம். ஏழு டன்னை ஒத்தை ஆளா! அவ கையைப் பாத்தாலே எனக்குச் சிலிர்க்குது.

— ஃபைனா, அப்படியா?

— அவ போய்ப் படுக்கட்டும் டாக்டர்.

— படுக்கறேன். ஆனா கதவைப் பூட்டிருங்க. எஞ்சின் சத்தம் கேட்டா நான் ஓடிவந்துருவேன்.

— போ உள்ள. ஃபைனா, கதவைச் சாத்து. இந்தா சாவி.

— பூட்டியாச்சு.

— நீ இன்னிக்கு வேற விமானியோட போ. உன்னோட அந்தக் கை இருக்கறப்ப எனக்குக் கவலை இல்ல.

— மெதுவா டாக்டர், அவ காதுல விழுந்துரும். வெடிச்சதும் நானும் மயங்கிக் கெடந்தேன். அவதான் இழுத்தான்னு இந்த நிமிஷம் வரைக்கும் நம்பிட்டிருந்தேன்.