நாற்பத்தேழாவது தொடர்பு

அன்புள்ள கருணாகரன்,

எங்கள் வீட்டில் மிக்சி ஓடினால் என் ரேடியோவில் உலகமே அடங்கிப்போகும். அதனால் வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனவரியில், ஜெயலக்ஷ்மி சட்னி அரைக்க மாட்டாள். "ஸ்ராத்தத்துக்குக்கூட இந்த ஆத்துல இவ்ளோ கெடுபிடி கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இட்லிக்கு மிளகாய்ப்பொடி வைப்பாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போட்டியன்று என் காதில் எந்த இரைச்சலும் இல்லை. முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ போட்டியின் நடுவராக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. என் பட்டியலில் நாற்பத்தேழாவது தொடர்பை அடித்துவிட்டீர்கள். பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ராஜரத்தினத்தோடு பேசியதாக நான் எழுதியிருக்கிறேன். அவன் நோட்டில் அது இல்லை. இருவர் பட்டியலும் பொருந்தாவிட்டால் தொடர்பு செல்லாது, தண்டனையாக மேலும் இரண்டு போகும். சரி, விதி விதிதான். என் ஐம்பத்துமூன்று ஐம்பதாகிவிட்டது. ஐம்பத்தொன்றோடு ரத்தினம் முதலிடம். அதுகூடப் போகட்டும். "நடக்காத தொடர்பை எழுதியிருக்கக்கூடும்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். ஒருவனுக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டதில்லை. என்னைப் போய்ப் பொய் எழுதினவன் என்றால் எப்படி?

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ரத்தினத்தை "அவன்" என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என்னைவிட நாலு வயது இளையவன். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டினவன். ரேடியோவை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. நான் இன்று வைத்திருக்கும் செட்டே அவன் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் கட்டிக்கொடுத்ததுதான். கடைசிவரை அவனுக்கு நான் "சார்"தான். பெண் மணிமொழி தலையெடுத்து நூலகத்தில் வேலைக்குப் போன பிறகு கொட்டிவாக்கத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கடல் பக்கமாகக் கம்பி கட்டி உட்கார்ந்தான். அதற்கப்புறம் மூன்று வருஷம் கோப்பை அவனுக்கு. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் எனக்கு.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் அடையாறில் பரிசு கொடுத்த அன்று, எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "இன்னா சார், ஷெல்ப்புல எடம் இல்லேன்னு மணி திட்டிக்கினு கீது. ஒரு கப்பை உங்க வூட்டுல வச்சிக்கிறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஜெயலக்ஷ்மியிடம் சொன்னபோது, "போறது போங்கோ, அவரும்தான் நாலு வருஷம் ஜெயிக்கட்டுமே" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, குழுவில் உள்ள புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் போட்டியில் ஐந்து வாட்டுக்கு மேல் கூடாது. பூஜை அறை ஜீரோ வாட் பல்புகூட அதைவிட அதிகம் தின்னும். காலை ஒன்பது முதல் மூன்று வரை, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டி, எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. உன் சத்தம் இவ்வளவு கேட்கிறது, இது எனக்கு இத்தனையாவது தொடர்பு என்ற வரிசை எண், நன்றி. அவ்வளவே பேச்சு. சௌக்கியமா என்று கேட்டால்கூட நேரம் வீண். போன் சார்ஜரும் இரைச்சல் போடும் என்பதால் செல்போனைக் கிட்டத்திலேயே வைத்துக்கொள்ள மாட்டோம். என் போன் சமையலறையில் இருக்கும். "கீழே வச்சுட்டு மாடிக்கு ஏறு" என்று ரத்தினத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அன்று பதினொன்றரைக்கு மேல் அலைவரிசை படுத்துவிட்டது. தூரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக மங்கிப்போனார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஐந்து வாட்டின் சத்தம் தரையோடு தவழ்ந்து பத்து மைலுக்குள் இருப்பவனுக்குத்தான் கேட்கும். அன்றைக்குச் சென்னையில் தட்டிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டே பேர். "அந்த நேரத்தில் ராஜரத்தினத்தை வேறு யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வாஸ்தவம். அவனைக் கேட்கக்கூடியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு என்னைக் கூப்பிட்டான். என் எண்ணைக் கொடுத்தேன், நாற்பத்தேழு. அவன் ஐம்பத்திரண்டு கொடுத்தான். ஐந்து பின்தங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தோடு அவன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினான்: "நெஞ்சு வலிக்குது சார். போன் கீழ கீது. எயுந்துக்க முடியல. மணிக்கு சொல்லு."

விளையாட்டு என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அவன் வம்புக்காரன்தான். முன்பு ஒரு போட்டியில், நான் மும்முரமாக இருக்கும்போது "கபாலி கோயிலாண்ட வடை வாங்கினு வா" என்று தட்டி, என்னை இரண்டு நிமிஷம் குழப்பியவன். மோர் கொண்டுவந்த ஜெயலக்ஷ்மி, "யாருன்னா அது? ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, "ரத்தினம்தான், வழக்கம்போல வம்பு" என்றுதான் சொன்னேன். அவள் கையில் போன் இருந்தது. அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கருணாகரன், மோர்ஸிலும் கையெழுத்து உண்டு. ரத்தினம் ஒவ்வொரு கோட்டையும் ஒரு இழுப்பு இழுத்துத்தான் விடுவான். அன்று எழுத்துக்கு எழுத்து நடுவில் கை நின்று நின்று வந்தது. ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தட்டினான். முழுவதையும் இரண்டாம் முறை அனுப்பினான். வம்பு பண்ணுகிறவன் கை அப்படி இருக்காது. எனக்குத் தெரிந்தது.

நான் பதில் கொடுத்தேன். ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளி. "முழுவதும் கிடைத்தது" என்று அர்த்தம். கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்வதுதானே முறை.

அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து மேஜையில் நூறு வாட் செட் ஒன்று இருந்ததாம், அதையும் போடவில்லையாம். சார் மணிக்குச் சொல்லிவிடுவார் என்று படுத்துவிட்டான் போலிருக்கிறது.

நான் மூன்று மணி வரை இருந்தேன். இரண்டு மணிக்கு மேல் அலைவரிசைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது; துழாவித் துழாவி ஆறு பேரைப் பிடித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஆறு என்பது அப்படியொன்றும் மோசமில்லை. பட்டியலைச் சேமித்துவிட்டு, மூன்று பத்துக்கு மணிமொழிக்குப் போன் செய்தேன். "உங்கப்பா ரொம்ப நேரமா ஆளைக் காணோமே, பார்த்துட்டு வாம்மா" என்றேன். கோட்டூர்புரத்திலிருந்து கால் மணியில் போய்விட்டாள். இரண்டரை வாக்கில் உயிர் போயிருக்கும், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறான்.

பெசன்ட் நகர் மயானத்தில் நான் அழுதது பொய்யில்லை. அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. மணிமொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடைசியா உங்களாண்டதானே பேசினாரு அங்கிள்? இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "நம்பர் சொன்னான்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவன் நோட்டு ஐம்பத்தொன்றோடு ஏன் நிற்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஐம்பத்திரண்டை எழுத அவனுக்குக் கை வரவில்லை. பாவம், அந்தப் பெண் இருந்ததை இருந்தபடி டைப் அடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. கோப்பையை அவளிடமே கொடுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்தாலும் அதை ஜெயலக்ஷ்மி எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பைக்காக நான் இதை எழுதவில்லை.

போட்டி முழுவதையும் நான் பதிவு செய்து வைப்பது வழக்கம். அந்த ஒலிப்பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு ஐம்பத்திரண்டிலிருந்து நாலு நிமிஷம் மட்டும் கேளுங்கள். அவன் எண், என் எண், அவன் இரண்டு முறை கேட்டது, நான் கிடைத்தது என்றது, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கடைசியில் மெல்ல ஒரு சத்தம் வரும், காதை நன்றாகக் கொடுங்கள். "தாங்ஸ் சார்" என்கிறான். தொடர்பு முறைப்படி முடிந்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?